என் வீட்டுக்காரர் கால் வேகாத கதை

டைரக்டரம்மா,

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ போய்விட்டாய் என்ற சேதி வந்ததும் நான் அழவில்லை. உள்ளே போய்ப் பவுடர் போட்டுக்கொண்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. போனில் பேசியது உன் கேமராக்காரர். அவர் குரல் கேட்டாலே "நாளைக்கு வர்றோம், வீட்ல இருங்க" என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு அர்த்தம். அன்றைக்கு அவர் சொன்னது வேறு என்று காது கேட்டுக்கொண்டது. கை கேட்கவில்லை. ஒரு கன்னத்துக்குப் போட்டு முடித்துவிட்டு அடுத்த கன்னத்துக்குப் போகும்போதுதான் விஷயம் வந்து சேர்ந்தது. அப்படியே கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என் மகள் செல்வி வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா பாதி மூஞ்சியில மட்டும் பூசியிருக்கிற?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதேன்.

இப்போது அந்த டப்பாவைத் திறந்தாலே, அந்த வாசனையில் நீ வந்து நிற்கிறாய். உனக்கும் எனக்கும் முதல் சண்டையே பவுடரில்தானே ஆரம்பித்தது.

சுனாமி அலை வந்த மறு வருஷம் நீ வந்தாய். அதற்கு முன்னால் எத்தனையோ கேமரா எங்கள் ஊர் வழியாகப் போயிருக்கிறது. எல்லாம் எங்களைத் தாண்டி மீனவர் குப்பத்துக்குப் போகிற கேமரா. அலை வந்தது மார்கழியில். உப்பளத்தில் வேலை இல்லாத மாதம். அதனால் உப்பு வாருகிறவர்களில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாத்தி முழுக்கச் சேறு ஏறியது, அவ்வளவுதான். ஒன்றும் ஆகாதவர்களை யார் படம் எடுப்பார்கள்? வரப்பு மேல் கூடையோடு நின்று, போகிற வண்டிகளுக்கு நாங்கள் கை காட்டுவோம். அவர்களும் கை காட்டிவிட்டுப் போவார்கள்.

நீ மட்டும் ஸ்கூட்டரை நிறுத்தினாய். வெட்டின தலைமுடி, ஆம்பளைச் சட்டை. ஆரோவில்லில் ஒரு தோழி வீட்டில் தங்கியிருப்பதாகவும், உப்பளத்துப் பெண்களைப் பற்றிப் படம் எடுக்கப்போவதாகவும் சொன்னாய். என்னோடு கூடை தூக்கும் அஞ்சலை உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன், அழகான பொம்பளைங்க யாரும் கெடைக்கலியா?" என்றாள். நீ சிரித்தாய். சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கே உனக்கு டைரக்டரம்மா என்று பேர் வைத்தேன். உனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. அதனால் அதையே வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கேமரா வந்தது. நீ ஈரக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "பச்சையம்மா, முகத்தைக் கொஞ்சம் துடைச்சுக்கறீங்களா? இயல்பா இருக்கணும்" என்றாய்.

"எனக்கு இதாங்க இயல்பு. டெய்லி போட்டுக்கினுதான் வேலைக்கு வர்றேன்" என்றேன்.

நீ நம்பவில்லை. அஞ்சலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவள் சாட்சி எப்போதும் அவள் பாணியில்தான் இருக்கும். "ஆமாங்க. பாத்தியில எது உப்பு, எது இவ மூஞ்சின்னு எங்களுக்கே சில நேரம் தெரியாது" என்றாள்.

இருந்தாலும் துடைக்க வைத்தாய். பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்றாய். உப்பு வாருகிறவள் பவுடர் போட்டிருந்தால் அவர்களுக்கு நடிப்பு மாதிரித் தெரியுமாம். துடைத்த பிறகு நான் என்னைப் போலவே இல்லை. அதைத்தான் நீ இயல்பு என்று எடுத்துக்கொண்டு போனாய். வீட்டுக்காரர் போன பிறகும் நான் பவுடரை விடவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசினவர்கள் யாரும் என் முகத்தைத் துடைக்க வந்ததில்லை. இதை உன்னிடம் ரொம்ப நாள் கழித்துச் சொன்னபோது நீ முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தாய். நான் அதை விளையாட்டாகத்தான் சொன்னேன். முக்கால்வாசி விளையாட்டாக.

உன் வேலையைப் பார்க்க எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. உப்புக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு மேல் நடந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவோம். காலையில் அறுபது நடை போனால் நீ அதில் ஒன்றைத் திரும்பப் போகச் சொல்வாய். ஒளி சரியில்லை, பின்னால் ஒரு ஆள் குறுக்கே வந்துவிட்டான், நான் கேமராவைப் பார்த்துவிட்டேன் என்று ஏதாவது ஒன்று. ஒருநாள், "சாதாரணமா நடக்கிற மாதிரி நடங்க" என்றாய். "நடக்கட்டுமா, நடக்கிற மாதிரி நடக்கட்டுமா?" என்று கேட்டேன். கேமராக்காரருக்குச் சிரிப்பு தாங்காமல் கேமரா ஆடிப்போய், அதையும் திரும்ப எடுத்தீர்கள்.

பதினைந்தே நாளில் உன்னை நீ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். நீயும் பச்சை என்று கூப்பிட ஆரம்பித்தாய். இரண்டு பேருக்கும் ஒரே வயசு, முப்பத்திரண்டு. உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு ஆகி முடிந்துவிட்டது.

இனிமேல் அந்தக் காலுக்கு வருகிறேன்.

அன்றைக்குக் கஞ்சி குடித்துவிட்டு அம்பாரத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். எங்கள் கால்களை நீ ரொம்ப நேரம் எடுத்தாய். உப்புத் தண்ணீரில் வெடித்த பித்த வெடிப்பு, கண்ணாடித்துண்டு மாதிரி உப்பு கீறின தழும்பு எல்லாவற்றையும். அப்புறம் என்னிடம் வந்து உட்கார்ந்து ஒரு சேதி சொன்னாய். வடக்கே ஒரு ஊரில் உப்பு வாருகிறவர்களை எரித்தால் உடம்பெல்லாம் சாம்பலாகிப்போனாலும் கால் மட்டும் வேகாமல் நிற்குமாம். உப்பில் ஊறி ஊறி அப்படி ஆகிவிடுமாம். அதை எடுத்துத் தனியாகப் புதைப்பார்களாம். சொல்லிவிட்டு, "இங்கேயும் அப்படிச் சொல்வாங்களா பச்சை?" என்று கேட்டாய்.

நீ பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டாய், அவ்வளவுதான். ஆனால் கேட்கும்போது உன் முகம் இருந்ததே, பலகாரத் தட்டு வருமா வராதா என்று வாசலைப் பார்க்கிற பிள்ளை முகம் மாதிரி. அந்த மாதிரி முகத்துக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அது என் பிறவி நோய். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன். ஆமாம் என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் வீட்டுக்காரருக்கே அப்படித்தான் ஆச்சு என்றேன். மறுநாள் பால் தெளிக்கப் போனால் உடம்பு முழுக்கச் சாம்பல், கால் ரெண்டும் கட்டை மாதிரி அப்படியே கிடந்தது என்றேன். அவர் உப்பு சுமந்த அதே கூடையில் எடுத்துப் போட்டு, குழி தோண்டி, ரெண்டு படி உப்பு கொட்டிப் புதைத்தோம் என்றேன். ரெண்டு படி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. நிஜமான அழுகை. அவர் போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்குச் செல்விக்குச் சாப்பாடு ஊட்ட வேண்டியிருந்தது.

கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது போதும் பச்சை. இந்தப் படத்துக்கு இதுக்கு மேல எதுவும் வேணாம்" என்றாய்.

உண்மை என்னவென்றால், எங்கள் தெருவில் யாரையும் எரிக்கிற பழக்கமே கிடையாது. புதைப்போம். அவர் மஞ்சக்காமாலையில் செத்துப்போனார். கால்வாயைத் தாண்டி இருக்கிற இடுகாட்டில் முழு ஆளாகப் புதைத்தார்கள். நான் அதையும் பார்த்ததில்லை. பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போவோம். அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வோம். காட்டுக்குப் போவது ஆண்கள் வேலை. நீ கேள்வியிலேயே எரித்திருந்தாய். நானும் எரித்துவிட்டேன்.

பயம் ஒன்றும் இல்லை எனக்கு. படம் வெளிநாட்டுக்குப் போகும் என்று சொல்லியிருந்தாய். வெளிநாட்டுக்காரனுக்கு எங்கள் கால்வாய் எங்கே தெரியப்போகிறது?

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் என்பதை மறந்துவிட்டேன். "முதல்ல உங்களுக்குத்தான் காட்டுவேன்" என்று சொல்லியிருந்தாய். அடுத்த வருஷம் பொங்கல் கழிந்து, பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படத்தைக் காட்டினாய். பொழுது சாய்ந்ததும் அளத்து ஆட்கள் எல்லாரும் பிள்ளைகுட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நீ முன்னால் நின்று, "இது சினிமா இல்லை, கதை இல்லை. இதுல வர்றது எல்லாம் நிஜம்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் செல்வியின் தலையில் பேன் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வேட்டியில் என் முகம் வந்தது. பவுடர் இல்லாத முகம். பால் தெளிக்கப் போனேன், சாம்பல், ரெண்டு கால், ரெண்டு படி உப்பு. அஞ்சலை குரல்தான் முதலில் வந்தது.

"ஏண்டி பச்ச, உன் வீட்டுக்காரர எப்படி எரிச்ச? நாங்கல்லாம் பொதைச்சாங்கன்னு இல்ல இத்தினி நாளா நெனச்சிக்கினு இருக்கோம்?"

அப்புறம் படம் யார் பார்த்தார்கள்? சிரித்து உருண்டார்கள். என்னைக் கேலி செய்ய இப்படி ஒரு நாள் வருமா என்று காத்திருந்த அத்தனை பேரும் அன்றைக்கு வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து நீ என்னிடம் வந்து "பச்சை?" என்றாய். "சினிமாவுல டூப்பு போடறதில்லியா, அந்த மாதிரிதான்" என்றேன். முதல் தடவையாக நான் சொன்னதற்கு நீ சிரிக்கவில்லை. உனக்காக வைத்திருந்த மீன்குழம்பைச் சாப்பிடாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

கேலியை நான் தாங்குவேன். ஊரைக் கேலி செய்தே வளர்ந்தவள். உன் கோபத்தையும் எப்படியாவது சிரிக்க வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். செல்வியைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவளுக்கு அப்போது பத்து வயசு. அப்பா போனபோது ஆறு. மறுநாள் காலையில் சடை பின்னும்போது கேட்டாள்: "அம்மா, அப்பா கால மட்டுந்தான் பொதைச்சாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஊரே புதைத்தோம் என்கிறது. அம்மா எரித்தோம், கால் மட்டும் மிச்சம் என்கிறாள். இரண்டும் நிஜமாக இருக்க வேண்டுமானால், கால்வாய் தாண்டி மண்ணுக்குள் இருப்பது கால் மட்டும்தான்.

"இல்லடி, அது சும்மா சொன்னது" என்றேன்.

"கதை இல்ல, எல்லாம் நிஜம்னு அந்த அத்தை சொன்னாங்களே?"

"அவங்களுக்குத் தெரியாது. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குக் கால்வாய் வழியாகப் போகமாட்டேன் என்று சுற்றிக்கொண்டு போனாள். கால் மட்டும் எழுந்து நடந்து வரும் என்று பயம். அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன், அது இன்னொரு தப்பு. அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை நான். பிள்ளைகள் பயம் கொஞ்ச நாளில் போய்விடும். போகாதது வேறு ஒன்று.

அவள் அப்பாவைப் பற்றி நான் எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். அவளுக்கு ஆறு வயசு வரைக்கும்தானே அவர், அவளுக்கு ஞாபகம் இருக்கிறதில் பாதி நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு நாள் சோறு போடும்போது, "அளத்துல இருந்து வந்ததும் உன்னத் தோள்ல தூக்கிக்கினு கடை வரைக்கும் போவாரு" என்று சொன்னேன். நூறு தடவை சொன்னதுதான். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் படத்துக்குச் சொன்னதா?" என்று கேட்டாள்.

நான் அவருக்கு ரெண்டு கால் கூடுதலாகக் கொடுக்கப்போய், அவள் மனசிலிருந்து முழு ஆளையும் எடுத்துவிட்டேன். இனிமேல் நான் அவரைப் பற்றி எது சொன்னாலும் அவளுக்கு அது ரெண்டு படி உப்பு.

ஒரு ரூபாய் போனில் உன்னைக் கூப்பிட்டேன். உன் குரல் கேட்டதும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி ஆரம்பிக்கலாம் என்று வைத்திருந்தேன். வரவில்லை. செல்வி கேட்டதை மட்டும் அப்படியே சொன்னேன். நீ பேசவே இல்லை. நேரம் முடிந்து போன் கட்டாகிவிட்டது. இன்னொரு ரூபாய் போட்டால் பேசியிருப்பாயோ என்னவோ, நான் போடவில்லை.

மறுநாள் காலை நீ வந்து நின்றாய். கேமராக்காரரும் வந்தார், கேமராவும் வந்தது. செல்வி வாசலில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேமராக்காரர் உன்னை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசியது என் காதில் விழுந்தது. அவரும் நல்லவர்தான், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்கட்டும், அம்மா பதில் சொல்லட்டும், அதை எடுத்தால் பொய்யைப் பொய் என்று படமே சொல்லிவிடும், இதைவிட நேர்மை எது என்றார். சரியான பேச்சு. எனக்கே சரி என்று பட்டது. நான் உள்ளே போய்ப் புடவையைச் சரி செய்துகொண்டுகூட வந்துவிட்டேன்.

நீ கேமரா பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாய். என்னைப் பார்த்து, "எடுக்கட்டுமா?" என்றாய்.

உனக்கு ஆமாம் சொல்லியே பழகின வாய். அன்றைக்கு மட்டும் எப்படித்தான் வந்ததோ. "எடுத்தா, அதையும் அவ படத்துக்குச் சொன்னதுன்னுதான் நெனப்பா" என்றேன்.

நீ பையைக் கொண்டுவந்து என் அரிசி டிரம் மேல் வைத்தாய். கேமராக்காரரைக் கடைக்குப் போய் டீ குடிக்கச் சொன்னாய். செல்வி முன்னால் தரையில் உட்கார்ந்தாய்.

"செல்வி, உங்கம்மா பொய் சொன்னாங்க. ஆனா அந்தப் பொய்ய முதல்ல சொன்னது நான்தான். நான் ஆசையா கேட்டேன், அவங்க என் ஆசைக்குச் சொன்னாங்க."

செல்வி உன்னை ஒரு வாத்தியாரம்மா மாதிரிப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"அம்மா பாத்தாங்களா?"

"அம்மாவும் பாக்கல."

"அப்போ யார்தான் பாத்தாங்க?"

இந்தக் கேள்வியை நீ படம் எடுத்த அந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட என்னிடம் கேட்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், உனக்கும் அதுதான் தோன்றியது. கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருந்தது இரண்டு பேருக்கும். பார்த்தவர் என்றால் என் கொழுந்தன் ஏழுமலைதான். குழிக்குள் இறக்கின நாலு பேரில் ஒருவர். கூப்பிட்டு அனுப்பினோம்.

வந்தவரிடம், இடத்தைக் காட்டு சித்தப்பா என்றாள் செல்வி. அவருக்குத் தர்மசங்கடம். பொம்பளைங்க அங்கே வரக்கூடாது என்று எங்களிடம் சொல்லலாம், அவளிடம் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெயில் ஏறதுக்குள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். வழியில் யார் கேட்டாலும் ஆடு காணோம், தேடப் போறோம் என்று சொல்லுங்கள் என்றார். அதற்கும் செல்வி, "அது பொய்யி சித்தப்பா" என்றாள்.

அங்கே கல்லும் இல்லை, பேரும் இல்லை. முள்ளுச்செடியும் மேடும் பள்ளமும்தான். மூன்றாவது பனைமரத்துக்கு நேராகப் போய் நின்று, கையால் ஒரு கோடு காட்டினார். தலை தெற்கே, கால் வடக்கே என்றார். என் வீட்டுக்காரரைப் படுக்கவைத்த இடத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன இடம்.

"ரெண்டு காலும் இருந்துச்சா?" என்று கேட்டாள் செல்வி.

"இருந்துச்சும்மா. நான்தானே கால் பக்கம் புடிச்சி எறக்கினேன். கட்டவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்தாங்க. மண்ணு தள்றதுக்கு முன்ன குனிஞ்சி அவுத்து உட்டேன்."

"ஏன் அவுத்த?"

"அவுக்கணும். அப்படியே உடக்கூடாது."

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. வடக்குப் பக்கமாகப் போய் உட்கார்ந்து மண் மேல் உள்ளங்கையை வைத்தாள். நான் அந்தக் காலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்த ஆள். பாதத்தில் கை பட்டால் போதும், கூச்சம் தாங்காமல் உதைப்பார். ஒரு தடவை எண்ணெய்க் கிண்ணத்தையே உதைத்து என் மடியில் கவிழ்த்தார். அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இப்போது எதையும் நானாகச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

அவளே திரும்பிக் கேட்டாள். "தோள்ல தூக்கிக்கினு போனது?"

"நிஜம்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். பின்னாலயே நடந்து வந்தேன். நீ அவர் முடியப் புடிச்சி இழுத்துக்கினு வந்த."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டிவிட்டுப் பாவாடையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். பசிக்குதும்மா என்றாள். கால்வாய் வழியாகவே வீட்டுக்குப் போனோம்.

நீ அந்த நேரம் முழுக்கத் தள்ளியே நின்றாய். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டினாய், அவிழ்த்தாய், சட்டைப் பையில் விட்டாய். திரும்பும் வழியில் ஏழுமலையையும் செல்வியையும் முன்னால் போகவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னாய்: "கேமராவுக்கு என் கை அரிச்சுது பச்சை. அவ உட்கார்ந்து மண்ணுல கை வச்சா இல்ல, அப்போ." சொல்லிவிட்டு உனக்கே வெட்கமாகப் போய்விட்டது. நீ என்னிடம் சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அரிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

அன்றைக்கு உட்கார்ந்து பழைய மீன்குழம்புக்குப் பதிலாகப் புதுக் குழம்பு சாப்பிட்டாய். கால் கதையை வெட்டிவிடப்போகிறேன் என்றாய். "அழுதது நிஜம்தானே, அத மட்டும் வச்சுக்கோயேன்" என்று நான் கேட்டேன். பார்க்க அழகாகத்தான் அழுதிருந்தேன், எனக்கு மனசு வரவில்லை. "அழுகையை மட்டும் தனியா வெட்டி எடுக்க முடியாது பச்சை" என்றாய். அதற்குப் பதிலாக வேறு எதையும் வைக்கவும் இல்லை. அந்த இடத்தில் வெறும் பாத்தி, காற்று, அவ்வளவுதான். பார்த்தவர்கள் கேமராவை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

வெளிநாட்டுக்குப் போக வேண்டிய படம் பாண்டிச்சேரியோடு நின்றுவிட்டது. நான் வருத்தப்பட்டுக் கேட்டபோது போனில் சிரித்தாய். "உன் வீட்டுக்காரர் கால் இல்லாம என் படத்தால நடக்க முடியல" என்றாய். சிரித்தாய்தான், ஆனால் எனக்குத் தெரியும். ஒரு வருஷ வேலை. அதை என் மகள் ஒருத்திக்காக விட்டுக்கொடுத்தாய். அதைப் பற்றி நான் ஒரு தடவைகூட உன்னிடம் ஒழுங்காகப் பேசவில்லை. பேச வரும்போதெல்லாம் கிண்டல்தான் வந்தது.

அதற்கப்புறம் நீ வேறு வேறு ஊரில் வேறு வேறு படம் எடுத்தாய். வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து போவாய். யாரிடமாவது கேமராவை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறதற்கு முன்னால், செல்வி மாதிரியே "நீங்க பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்று கேட்கிறாய் என்று கேமராக்காரர் சொன்னார். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. அளத்தில் உட்கார்ந்து யாரைப் பற்றியாவது சுவாரசியமாக ஆரம்பிப்பேன், நடுவில் எனக்கே அந்தக் கேள்வி வரும், "இது நான் பாக்கல, கேட்டதுதான்" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். அப்புறம் அந்தக் கதையில் என்ன இருக்கிறது? என்னைச் சுற்றி உட்காருகிற கூட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. அஞ்சலை பக்கம்தான் இப்போது எல்லாரும் உட்காருகிறார்கள்.

செல்வி இப்போது திண்டிவனத்தில் நர்ஸ். அவள் பையனுக்குத் தாத்தாவைப் பற்றி அவள்தான் சொல்கிறாள், தோளில் போனது, முடியை இழுத்தது எல்லாம். கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தை கூட்டமாட்டேன். எனக்கு இருக்கிற வாய்க்கு இது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்.

நீ போய்ப் பதினாறாம் நாள் கேமராக்காரரும் உன் சினேகிதிகள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். உன் நினைவாக ஒரு கூட்டம் வைக்கிறார்களாம். அதில் காட்ட நான் உன்னைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மேலே எழுதின எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் சொன்னேன். நீ அரிசி டிரம் மேல் பையை வைத்த இடம் வந்தபோது அழுதுவிட்டேன். அவர்களும் அழுதார்கள். முடிந்த பிறகு கேமராக்காரர் என் புடவையில் குத்தியிருந்த மைக்கைப் பார்த்தார். அதை ஆன் பண்ணவே இல்லை. இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சரி என்றேன். முதலிலிருந்து சொன்னேன். அரிசி டிரம் வந்தபோது எனக்கு விக்கல் எடுத்தது. நிற்கவில்லை. உன் சினேகிதி தண்ணீர் கொடுத்தார். குடிக்கும்போது இன்னொரு விக்கல் வந்து, தண்ணீர் மைக் மேல் கொட்டியது. அதைத் துடைத்து வெயிலில் வைத்தோம். சாயங்காலம் வரைக்கும் காயவில்லை.

பச்சையம்மாள்